இரண்டாம் பாதி

கோத்தகிரியில் ஒரே ஒரு திரை.
வெள்ளிக்கு வெள்ளி மாறும் படம்.
அந்தக் கணக்கை நம்பித்தான் வந்தான்
கோயம்புத்தூர்க் கம்பெனிப் பையன்.
கழுத்தில் பட்டை, கையில் டேப்லெட்,
ஸ்வெட்டரை மட்டும் மறந்திருந்தான்.

மாதம் முந்நூற்று நாற்பத்தொன்பது.
எத்தனை காட்சி வேண்டுமானாலும்.
டிக்கெட்டுக்கு நூற்றிருபது வீதம்
முதலாளிக்கு அவர்களே கட்டிவிடுவார்களாம்.
"அதெப்படிப்பா கட்டுபடியாகும்?"
சிரித்தான்.
"காசு கட்டுறவங்க எல்லாம் வரமாட்டாங்க அக்கா.
வராதவங்கதான் எங்க லாபம்."

ஐப்பசி பிறந்தது.
கவுன்ட்டர்க் கண்ணாடியில் மேகம் வந்து உட்கார்ந்தது.
மஞ்சள் அட்டை வாங்கிய இருநூற்றுப் பதினோரு பேரும்
வந்தார்கள்.
வந்துகொண்டே இருந்தார்கள்.

படம் பார்க்க என்று யார் சொன்னது?
இலை லாரி பெள்ளன்
பாக்டரியில் எடை வரிசை நகரும்வரை
ஜி வரிசையில் குறட்டை.
நர்ஸ் யோகேஸ்வரிக்கு நைட் டியூட்டி முடிந்து மார்னிங் ஷோ;
வில்லன் வந்தால் மட்டும் கண் திறப்பாள்,
சத்தம் ஜாஸ்தியாம்.
குரூப் ஃபோர் எழுதும் ஒருவன், பெயர் கேட்டதில்லை,
'வெளியே' என்ற சிவப்பு எழுத்தின் கீழ்
பொது அறிவு படித்தான்.
ஒரே படத்தைப் பதினேழு தரம் பார்த்தவரிடம்
கதாநாயகன் பேர் கேட்டுப் பாருங்கள், தெரியாது.
நனையாத இடம். இருநூறு உடம்பின் சூடு.
போதாதா?

வர்க்கிக் கடை தர்மசீலனுக்கும் புவனலோசனிக்கும்
ஒரே அட்டை.
அடுப்பை விட்டு இருவரும் சேர்ந்து வரமுடியாது.
முதல் பாதி அவருக்கு. இடைவேளையில் கைமாறும்.
டால்டா வாசனையோடு அவள் உள்ளே போவாள்.
அவரிடம் எந்தக் கொலைகாரனும் அகப்பட்டதில்லை.
அவளுக்கு எந்தக் கொலைக்கும் காரணம் தெரியாது.
"நாளைக்கு மாத்திப் பாருங்களேன்" என்றேன்.
"அப்புறம் ராத்திரி பேச என்ன இருக்கும்?" என்றாள்.

கார்த்திகையில் கம்பெனி விழித்துக்கொண்டது.
ஒரு படம் ஒரு தரம்தான் என்றது.
சனி ஞாயிறு கிடையாது என்றது.
செல்ஃபி கேட்டது, மப்ளரும் குல்லாயும் கழற்றி
இரண்டு காதும் தெரிய.
பிறகு ஓடிபி.
மேகம் இறங்கினால் இங்கே டவர் ஏது?
தபால் ஆபீஸ் மேட்டுக்கு ஓடி
நாலு எண்ணையும் உரக்கச் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள்.
வந்து சேர்வதற்குள் காலாவதி.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்று
ஒரு பெண்குரல் நாற்பது நிமிஷம் சொன்னது.
ஸ்வெட்டர் இல்லாத பையனையும்
நிறுத்திவிட்டிருந்தார்கள்.
மூன்று மாதப் பாக்கி நோட்டில் இருக்கிறது,
என் கையெழுத்தில், வட்டி போடாமல்.

மார்கழி. ஒரு செவ்வாய். மூன்றேகால் மணி.
இடைவேளை முடிந்து நுழைகிறவர்களின் அட்டையை
ராயப்பன் கருவியில் காட்டக் காட்ட
வரிசையாகச் சிவப்பு.
(பெள்ளன் தன் அட்டையை வீசிவிடவில்லை.
விடிகாலை லாரிக் கண்ணாடியில்
உறைபனி சுரண்ட வாகாக இருக்கிறதாம்.)

மாவுக் கையோடு திரும்பிப் போனாள் புவனலோசனி.
அரைப் படத்துக்கு நூற்றிருபதா?
ஐந்து மணிக்கு இருவரும் வந்து நின்றார்கள்,
அடுப்பை அஞ்சே நிமிஷம் விட்டுவிட்டு.
"முடிவு என்னங்க?"

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கூண்டில் இருக்கிறேன்.
படம் எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்.
கேட்டதைச் சொன்னேன்:
ஒரு பஸ் கிளம்பியது.
யாரோ ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டாள், இரண்டு தரம்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் நாற்காலிகள் மடங்கின.

"அப்ப அவன் ஏறிட்டான்" என்றாள்.
"ஏறல" என்றார்.
"ஏறாமயா பஸ் போச்சு?"
"அவ ரெண்டாந்தரம் கூப்பிட்டாளே, அது யாரை?"

கருகல் வாசனை வந்தது.
மூன்று பேரில்
முதலில் கவனித்தது நான்தான்.
உடனே சொல்லவில்லை.